பிளாட்டினம் நின்றது, காமிராவும் ஓய்ந்தது!

லண்டன் நகரின் நடுவே சீப்சைடு என்று ஒரு வட்டாரம். பாங்கிகளும் வியாபாரக் கம்பெனிகளும் நெருக்கியடித்து நிற்கும் இடம். அங்கே குவீன் தெருவில், 1890-ம் ஆண்டையொட்டி, ஒரு புத்தகக் கடை இருந்தது. பகல் உணவு நேரம் வந்தால் ஒல்லியான ஒரு வாலிபன் தவறாமல் அந்தக் கடைக்குள் நுழைவான். லம்பார்டு தெருவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை அவனுக்கு. பையில் காசு கிடையாது. நெஞ்சில் காச நோய். ஆனால் புத்தகங்கள்மீது தீராத ஆசை!

கடைக்காரர் அவனை விரட்டவில்லை. அவன் வரைந்த சித்திரங்களை வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் புத்தகங்களைக் கொடுத்தார். டென்ட் என்ற பிரசுரகர்த்தர், ஆர்தர் மன்னரின் பழங்கதைக்குப் படம் போட ஆள் தேடியபோது, கடைக்காரர் இந்தப் பையனைத்தான் கைகாட்டினார். அவன்தான் ஆப்ரே பியர்ட்ஸ்லி. 1893-ல் அந்தப் புத்தகம் வெளிவரத் தொடங்கியது. அவன் பெயர் ஊரெல்லாம் பரவியது. ஐந்தே ஆண்டுகளில், 25-வது வயதில், அவன் காலமானான்.

பையனை உலகுக்குக் காட்டிய அந்தக் கடைக்காரரின் பெயர் பிரெடரிக் எவான்ஸ். புத்தக வியாபாரியாக மட்டும் இருந்திருந்தால் பியர்ட்ஸ்லியின் சரித்திரத்தில் ஒரு வரியோடு அவர் கதை முடிந்திருக்கும். ஆனால் அவரிடம் ஒரு காமிரா இருந்தது. இங்கிலாந்தின் பழைய மாதாகோவில்களை அவரைப் போலப் படம் பிடித்தவர் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் படங்களை அவர் பதித்தது சாதாரணக் காகிதத்தில் அல்ல. விலையுயர்ந்த பிளாட்டினத்தில்!

அந்த உலோகமே அவருக்குப் புகழைத் தந்தது. அதுவே அவருடைய காமிராவையும் மூட வைத்தது.

பூதக் கண்ணாடியில் தொடங்கிய பயிற்சி

எவான்ஸ் பிறந்தது 1853 ஜூன் 26-ம் தேதி, லண்டனில். சில காலம் பாங்கியில் குமாஸ்தாவாக இருந்தார். பிறகு புத்தகக் கடைக்கு வந்தார். சங்கீதத்தில் உயிர். படிப்பில் மோகம். பெர்னார்ட் ஷா அவருக்கு நண்பர். ஷாவுக்கும் போட்டோ பிடிப்பதில் பெரிய பித்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1880-களில் எவான்ஸ் காமிராவைத் தொட்டார். தொட்டவுடன் முகங்களையோ மலைகளையோ படம் எடுக்கவில்லை. மைக்ராஸ்கோப் என்னும் பூதக் கண்ணாடிக்குள் காமிராவை நுழைத்தார். சிப்பிகள், கடல் முள்ளெலியின் முட்கள் ஆகியவற்றின் உள்ளமைப்பைப் படமெடுத்தார். 1887-ல் போட்டோகிராபிக் சங்கம் அதற்காக அவருக்கு ஒரு பதக்கம் வழங்கியது.

இது விளையாட்டு வேலை அல்ல. பூதக் கண்ணாடியில் வெளிச்சம் சற்றுக் கூடினால் நுட்பமான கோடுகள் வெளுத்து மறைந்துவிடும். சற்றுக் குறைந்தால் எல்லாம் இருளாகிவிடும். வெளிச்சத்தை அளந்து விடும் பழக்கம் அங்கேதான் அவர் கைக்கு வந்தது. பின்னாளில் நூறடி உயரத் தூண்களைப் படமெடுத்தபோதும் அதே கைதான் வேலை செய்தது.

உலோகத்தில் பதியும் படம்

அந்நாளில் போட்டோ என்றால் வெள்ளி உப்பு பூசிய காகிதம்தான். அதில் ஒரு பெரிய குறை. சில ஆண்டுகளில் படம் மங்கும், பழுப்பேறும். தாத்தாவின் முகம் பேரன் காலத்தில் ஆவியாகிப் போகும்! வெள்ளிக்குக் கந்தகக் காற்று ஆகாது. வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதைப் பார்த்த எவருக்கும் இது புரியும்.

இதற்கு மாற்றுக் கண்டுபிடித்தவர் வில்லியம் வில்லிஸ் என்ற ஆங்கிலேயர். 1873-ல் அவர் பிளாட்டினத்தில் படம் பதிக்கும் முறைக்குப் பேடண்ட் உரிமை பெற்றார். 1879-ல் அதற்கென்றே ஒரு கம்பெனி ஏற்பட்டது. பிளாட்டினம் எளிதில் எதனோடும் சேராத உலோகம். காற்றிலும் ஈரத்திலும் கறுக்காது. அந்த உலோகத்தின் மிக நுண்ணிய தூளே படமாக நிற்கும் என்றால், காகிதம் உள்ளவரை படமும் இருக்கும் அல்லவா?

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வெளிச்சத்தைக் கண்டு மாறுவது பிளாட்டினம் அல்ல, இரும்பு! தாளில் இரண்டு உப்புகள் பூசப்படுகின்றன. ஒன்று இரும்பின் ஆக்ஸலேட். மற்றொன்று பிளாட்டினத்தின் உப்பு. கண்ணாடி நெகட்டிவை அந்தத் தாளின் மேல் நேரடியாக ஒட்டினாற்போல் வைத்து வெயிலில் காட்டுவார்கள். வெயில் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாறுகிறது. தாளில் மங்கலான ஒரு சாயல் மட்டும் தெரியும். பிறகு தாளைப் பொட்டாசியம் ஆக்ஸலேட் கரைசலில் நனைத்ததும், மாறிய இரும்பு பக்கத்திலிருக்கும் பிளாட்டினம் உப்பை உலோகமாக்கி விடுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் முழுப் படமும் எழுந்து வந்து நிற்கும். நீர்த்த அமிலத்தில் இரண்டு மூன்று முறை அலசினால் மிச்சமிருக்கும் இரும்பு வெளியேறும். அப்புறம் தண்ணீர். அவ்வளவுதான்.

படம் காகிதத்தின் மேலே பசைபோல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. காகித நாரோடு நாராக உள்ளே தங்கிவிடுகிறது. அதனால் பளபளப்பு இல்லை. வெல்வெட்டைப் போல ஒரு மென்மை. முக்கியமாக, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை சாம்பல் நிறங்கள்! வெள்ளிக் காகிதத்தில் கறுப்பாகவே போய்விடும் மூலைகளில்கூடப் பிளாட்டினம் ஏதோ ஒன்றைக் காட்டும்.

மிஞ்சினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்

ஆனால் இந்த அருமையே ஒரு தொல்லையும்கூட. கறுப்பு வெளுப்பின் ஏற்றத்தாழ்வைப் போட்டோக்காரர்கள் கான்ட்ராஸ்ட் என்பார்கள். பிளாட்டினத் தாள் இயல்பாகவே சாதுவானது. சாதாரண நெகட்டிவை அதன்மேல் வைத்துப் பிரிண்ட் போட்டால் படம் சப்பென்று, உப்பில்லாத பண்டமாக வரும். எல்லாம் ஒரே சாம்பல்! அதற்கேற்ற முரட்டு நெகட்டிவ் வேண்டும். முரட்டுத்தனம் அளவு மீறினாலோ வெளிச்சப் பகுதிகள் வெறும் வெள்ளைக் காகிதமாக நின்றுவிடும்.

பின்னாளில் வெள்ளிக் காகிதங்களில் மென்மையானது, நடுத்தரம், கடினமானது என்று ரகம் ரகமாகக் கடையில் கிடைத்தன. நெகட்டிவ் எப்படியிருந்தாலும் அதற்கேற்ற தாளை வாங்கிக்கொள்ளலாம். பிளாட்டினத்தில் அந்தச் சலுகை கிடையாது.

அதற்காகத் தொழில் தெரிந்தவர்கள் சில உபாயங்களைக் கையாண்டார்கள். தாளில் பூசும் கலவையில் பொட்டாசியம் குளோரேட்டைத் துளிக் கணக்கில் சேர்ப்பது ஒன்று. அது மெல்லிய வெளிச்சம் பட்ட இரும்பைத் திரும்பவும் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். அதனால் வெள்ளைப் பகுதி தெளிவாகும், ஏற்றத்தாழ்வு கூடும். கழுவும் கரைசலில் சிறிதளவு டைகுரோமேட் கலப்பது இன்னொன்று. அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். கரைசலின் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் நிறத்தையும் அழுத்தத்தையும் மாற்றுவார்கள். ஆனால் இவற்றில் எதுவும் இலவசம் அல்ல. குளோரேட் ஒரு துளி கூடினால் மென்மையாக இருக்கவேண்டிய இடத்தில் மணல் தூவினாற்போல் பொரிப்பொரியாகத் தெரியும். மருந்து கூடினால் நோயைவிட அதுவே பெரிய நோய்!

ஈரம் இன்னொரு சத்துரு. தாளில் கொஞ்சம் ஈரம் ஏறினால் கறுப்பு உட்கார்ந்துபோகும். இதற்காகவே கம்பெனியார் தாள்களைத் தகர டப்பாவில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்பையும் உள்ளே வைத்து, மூடி முத்திரையிட்டு அனுப்பினார்கள். டப்பாவைத் திறந்த மனிதர் சோம்பேறியாக இருந்தால் தாள் வீண்.

எவான்ஸ் கம்பெனித் தாளையே வாங்கிப் பயன்படுத்தினார். அதில் பூசியிருக்கும் கலவையை மாற்ற முடியாது. ஆகவே ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் வேலை முழுவதையும் அவர் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். இருட்டறைக்கு முன்னால், தாளுக்கு முன்னால், காமிராவின் கண் திறப்பதற்கும் முன்னால்! அவர் சாமர்த்தியம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கோவிலுக்குள் குடித்தனம்

இங்கிலாந்தின் பழைய பெரிய மாதாகோவில்களுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே அரை இருட்டு. வரிசை வரிசையாகக் கல் தூண்கள். உயரத்தில் நெட்டை நெட்டையாக ஜன்னல்கள். வெளியே பகல் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. மனிதக் கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? ஜன்னலுக்காகப் படம் எடுத்தால் தூண்கள் கரியாகும். தூண்களுக்காக எடுத்தால் ஜன்னல் வெடித்துச் சிதறி, அதன் வெளிச்சம் பக்கத்துக் கல்லையெல்லாம் தின்றுவிடும். தகட்டின் பின்பக்கக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வரும் கோளாறு அது. பின்பக்கம் கறுப்புப் பூச்சுப் பூசிய தகடுகள் ஓரளவு கை கொடுத்தன.

எவான்ஸ் என்ன செய்தார்? முதலில் காமிராவைத் திறக்கவே இல்லை!

ஒரு கோவிலுக்குப் போனால் நாள் கணக்கில், வாரக் கணக்கில் அங்கேயே சுற்றுவார். காலையில் எந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது, பிற்பகலில் அது எந்தத் தூணில் ஏறுகிறது, மேகம் மூடினால் எந்த மூலை துலங்குகிறது என்று பார்ப்பார். எல்லாம் மனதில் பதிந்த பிறகே முக்காலியை நிறுத்துவார். இருக்கும் நாற்காலிகளையும் சாமான்களையும் அகற்றித் தரும்படி கோவில் அதிகாரிகளைக் கேட்பார். சளைக்காமல் கேட்டு, அநேகமாகக் காரியத்தைச் சாதித்தும் விடுவார். நாற்காலி வரிசைகள் போனதும் கல் தரை விரிந்து கிடக்கும். பல நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியவர்கள் கண்ட தரை அதுதான்.

பிறகு காமிராவின் துவாரத்தை மிகச் சிறியதாக்குவார். தகட்டுக்கு வெகு நேரம் வெளிச்சம் காட்டுவார். கணக்கு ஜன்னலுக்காக அல்ல, நிழலுக்காக. மிகவும் இருண்ட மூலையில் உள்ள கல்லின் சொரசொரப்பும் தகட்டில் பதிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். வெளிச்சப் பகுதி கட்டு மீறாமல் பார்த்துக்கொள்வதை இருட்டறையில் தகட்டைக் கழுவும்போது நிதானத்தால் சாதித்தார். இப்படி வந்த நெகட்டிவ், பிளாட்டினத் தாளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. அப்புறம் தாளில் அவர் எந்தத் தந்திரமும் செய்ய வேண்டியதில்லை.

1896-ல் வில்லியம் மாரிஸின் கெல்ம்ஸ்காட் மாளிகைக்குச் சென்றார். மாரிஸ் புகழ்பெற்ற கவி, சித்திரத் தொழில் மேதை. அந்த மாளிகையில் பார்க்க எத்தனையோ அலங்காரங்கள் இருந்தன. எவான்ஸ் பரண் ஏறினார்! கூரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் பழைய மர உத்திரங்கள், அவற்றின் நடுவே எங்கிருந்தோ ஒழுகும் வெளிச்சம். அதைப் படமெடுத்தார். ஒரு பொருளும் இல்லாத பரண்தான். பார்த்துக்கொண்டே நின்றால், அடுத்த அறையில் யாரோ இருப்பதுபோல் தோன்றும். அந்த ஆண்டு அக்டோபரில் மாரிஸ் காலமானார்.

பியர்ட்ஸ்லியையும் அவர் படமெடுத்தார். பையனுக்கு எலும்பும் தோலுமான முகம், கழுகு மூக்கு, நீண்ட விரல்கள். அந்த முகத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் எவான்ஸ் நெடுநேரம் சுற்றிச் சுற்றி வந்தாராம். களைத்துப்போன பையன் இரண்டு கைகளாலும் கன்னத்தைத் தாங்கிக்கொண்டான். அந்தக் கணமே படம்! கோவில் கோபுரத்துக் கற்சிலை ஒன்று யோசனையில் ஆழ்ந்திருப்பது போன்ற அந்தப் படம் இன்றும் பியர்ட்ஸ்லி என்றவுடன் நினைவுக்கு வருகிறது.

கை வைக்கலாமா?

1898-ல், 45 வயது நெருங்கும்போது, எவான்ஸ் புத்தகக் கடையிலிருந்து விலகினார். முழு நேரமும் இனிப் படங்களுக்கே. 1900-ல் ராயல் போட்டோகிராபிக் சங்கம் அவருடைய படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. மொத்தம் 150 படங்கள். அக்காலத்தில் கலைஞர்களாகத் தங்களைக் கருதிய போட்டோக்காரர்கள் அமைத்திருந்த லிங்க்ட் ரிங் என்ற குழுவிலும் அவர் சேர்ந்தார். அந்தக் குழுவின் கண்காட்சிகளில் படங்களைச் சுவரில் தொங்கவிடும் பொறுப்பையும் சில ஆண்டுகள் ஏற்றார்.

அந்தக் குழுவுக்குள் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. போட்டோ என்பது கலையாக வேண்டுமானால் அதில் மனிதனின் கை பட வேண்டும் என்றது ஒரு கட்சி. பிரான்சு தேசத்து ராபர்ட் டெமாஷி அதில் முக்கியமானவர். கோந்தும் வர்ணமும் கலந்து பூசிய தாளில் பிரிண்ட் போட்டு, வேண்டாத இடத்தைத் தூரிகையால் தேய்த்து, போட்டோவை ஓவியம் போலவே ஆக்கிவிடுவார்.

பிளாட்டினத்திலும் இந்த வித்தை புகுந்தது. அமெரிக்காவில் ஸ்டீக்லிட்ஸும் ஜோசப் கைலியும் கிளிசரினைப் பயன்படுத்தினார்கள். தாளில் கிளிசரினைத் தடவிவிட்டால் அந்த இடத்தில் கழுவும் கரைசல் மெல்லத்தான் ஊறும். பிறகு தூரிகையில் கரைசலைத் தோய்த்து, இங்கே கறுப்பு, அங்கே மங்கல் என்று விரும்பியபடி படத்தைக் கொண்டு வரலாம். ஏற்றத்தாழ்வை இடத்துக்கு இடம் மாற்றும் கெட்டிக்காரத்தனம்! படங்களும் அழகாகவே இருந்தன. அதை மறுக்க முடியாது.

எவான்ஸ் மட்டும் ஒப்பவில்லை. நெகட்டிவில் பென்சில் படக்கூடாது. தாளில் தூரிகை படக்கூடாது. வெளிச்சம் செய்யாத எதையும் கை செய்யக்கூடாது. டெமாஷியோடு அவர் பகிரங்கமாகவே வாதாடினார். ஆனால் பகைவராக அல்ல. தம்முடைய வழிதான் போட்டோவுக்குரிய வழி என்பது அவர் கட்சி. பெர்னார்ட் ஷாவும் இந்த விஷயத்தில் அவர் பக்கம்.

இவ்வளவு கண்டிப்பானவர், படத்தைச் சட்டம் போடும்போது மட்டும் தாராளமாக இருந்தார் என்பது வேடிக்கை. பிரிண்டைச் சுற்றி மெல்லிய வர்ணக் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டுவார். வெளுத்த மஞ்சள், சாம்பல், தவிட்டு நிறம். ஒவ்வொன்றும் அடுத்ததைவிட ஒரு நூல் அகலம் கூடுதல். அதைச் சுற்றி மையினால் மெல்லிய கோடுகள். இது வெறும் அலங்காரம் அல்ல. வெள்ளைக் காகிதத்தின் நடுவே வைத்தால் படத்தின் வெளிச்சப் பகுதி அழுக்காகத் தெரியும். சற்று மங்கிய காகிதத்தின் நடுவே வைத்தால் அதே பகுதி ஒளிவிடும். படத்தைத் தொடாமலேயே அதன் ஏற்றத்தாழ்வைக் கண்ணுக்கு மாற்றிக் காட்டும் வேலை அது! தூரிகையை வெறுத்த மனிதர் கத்தரிக்கோலை எவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்தினார், பாருங்கள்.

கல்லில் எழுந்த அலை

இங்கிலாந்தின் மேற்கே, சாமர்செட் ஜில்லாவில் வெல்ஸ் என்ற சிற்றூர். அங்குள்ள மாதாகோவிலில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. எண்கோண வடிவிலான சபை மண்டபத்துக்கு அது ஏறிச் செல்கிறது. வழியில் ஒரு கிளை வலப்பக்கம் வளைந்து மண்டபத்துக்குத் திரும்புகிறது. மற்றது நேராகப் போகிறது. எழுநூறு வருடப் பாதங்கள் தேய்த்துத் தேய்த்துக் கற்கள் நடுவில் குழிந்துவிட்டன. ஒரு படியும் நேர்க்கோடாக இல்லை.

1903-ல் எவான்ஸ் அந்தப் படிக்கட்டின் கீழே காமிராவை வைத்தார். அவர் கண்ணுக்குப் படிகள் தெரியவில்லை. கடல் தெரிந்தது! கீழே சிறு அலைகள். மேலே போகப் போக வலப்பக்கம் புரண்டு திரும்பும் பேரலை. உச்சியில் ஒரு வளைவு வாசல், அதற்கு அப்பால் வெளிச்சம். படத்துக்குப் படிகளின் கடல் என்று பெயர் வைத்தார். அவர் எடுத்தவற்றில் இன்றுவரை மிகவும் பிரசித்தமானது இதுதான்.

இந்தப் படத்தில் கடலைக் காட்டுவது எது? ஒவ்வொரு படியின் தேய்ந்த விளிம்பிலும் விழும் மெல்லிய வெளிச்சக் கீற்றும், அதன் கீழே தங்கும் மெல்லிய நிழலும்தான். கான்ட்ராஸ்ட் கூடியிருந்தால் படிகள் கறுப்பு வெள்ளைக் கோடுகளாகக் கட்டம் போட்ட துணிபோல் ஆகியிருக்கும். குறைந்திருந்தால் கல்லெல்லாம் ஒரே மேடாக, களிமண்ணாகத் தெரிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடத்தில் நிற்கிறது அலை. வெள்ளிக் காகிதத்தில் இந்த நெகட்டிவைப் பிரிண்ட் போட்டால் அந்த இடம் கிடைக்காது என்று எவான்ஸ் நினைத்ததில் வியப்பில்லை.

அதே 1903 அக்டோபரில், நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய காமிரா ஒர்க் என்ற பிரபல பத்திரிகையின் நான்காவது இதழ் எவான்ஸின் படங்களைத் தாங்கி வந்தது. அந்தப் பத்திரிகையில் இப்படிச் சிறப்பிக்கப்பட்ட முதல் ஆங்கிலேயர் அவரே. கூட வந்த கட்டுரையை எழுதியவர் பெர்னார்ட் ஷா. கிளிசரின் தூரிகைக்காரரான ஸ்டீக்லிட்ஸ், தூரிகையே வேண்டாமென்ற எவான்ஸை இப்படிக் கௌரவித்தது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகிறது.

1905 முதல் கன்ட்ரி லைப் என்ற பத்திரிகை அவரிடம் வேலை கொடுத்தது. இங்கிலாந்தின் கோவில்களும் பிரான்சின் பழைய மாளிகைகளும் அவர் காமிராவுக்குள் வந்தன. 1911-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைப் படமெடுத்தார். மன்னர்கள் முடி சூடும் இடம் அது. அப்போது அவருக்கு வயது 58.

யுத்தம் கொண்டுபோன உலோகம்

1914-ல் முதல் மகா யுத்தம் மூண்டது. பீரங்கிக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருந்தது! வெடிமருந்துக்கு நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் மலை மலையாக வேண்டும். அவற்றைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் ரசாயன மாற்றத்தைத் தூண்டிவிடப் பிளாட்டினம் தேவைப்பட்டது. அந்நாளில் உலகின் பிளாட்டினத்தில் பெரும் பகுதி ரஷ்யாவின் யூரல் மலைப் பிரதேசத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. யுத்தமும், 1917-ல் அங்கே வெடித்த புரட்சியும் அந்த வழியை அடைத்தன. விலை விஷம்போல் ஏறியது. அமெரிக்காவில் கோடக் கம்பெனி 1916-லேயே பிளாட்டினத் தாள் தயாரிப்பதை நிறுத்திவிட்டது.

பிளாட்டினத் தாளைக் கண்டுபிடித்த வில்லிஸின் கம்பெனி சும்மா இருக்கவில்லை. பிளாட்டினத்தின் பங்காளி உலோகமான பல்லேடியத்தை வைத்து யுத்த காலத்திலேயே ஒரு புதுத் தாளைக் கொண்டு வந்தது. ரசாயனம் ஏறக்குறைய அதேதான். ஆனால் குணம் சற்று வேறு. பிளாட்டினம் குளிர்ந்த சாம்பல் நிறம் என்றால் பல்லேடியத்தில் ஒரு பழுப்புச் சூடு உண்டு. கறுப்பு ஆழமாக வரும். ஏற்றத்தாழ்வில் பல்லேடியம் இன்னும் சாது. அதற்கு மேலும் முரட்டு நெகட்டிவ் கேட்கும். ஸ்டீக்லிட்ஸ் அதை ஏற்றுக்கொண்டு, ஓவியர் ஜார்ஜியா ஓகீப்பின் படங்கள் பலவற்றை அதில் பதித்தார். எட்வர்டு வெஸ்டன் 1923 முதல் மெக்சிகோவில் இருந்தபோது பல்லேடியத்தில் பிரிண்ட் போட்டார். பிறகு வெள்ளிக்கே போய்விட்டார். அதனால் அவர் புகழ் ஒன்றும் குறையவில்லை.

எவான்ஸால் அப்படி மாற முடியவில்லை. அவருடைய பெரிய வேலைகளெல்லாம் பிளாட்டினத்தோடு நின்றன. வயது அறுபதைத் தாண்டிவிட்டது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அவர் வேலை செய்த முறையிலேயே இருந்தது. மற்றவர்களுக்குத் தாள் என்பது கடைசிக் கட்டம். தாள் மாறினால் பிரிண்ட் போடும் விதத்தை மாற்றிக்கொள்வார்கள். எவான்ஸுக்கோ தாளிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. கோவிலில் எந்த மணிக்கு நிற்பது, தகட்டுக்கு எத்தனை நிமிஷம் வெளிச்சம் காட்டுவது, அதை எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் அந்த ஒரே தாளைக் குறி வைத்துச் செய்தவை. அந்தத் தாளை எடுத்துவிட்டால், முப்பது ஆண்டுப் பயிற்சியும் புதிதாகத் தொடங்க வேண்டியதாகிவிடும்.

இது பிடிவாதமா, நேர்மையா? அவர் காலத்திலும் இரண்டும் சொல்லியிருப்பார்கள். பிடிவாதம் இல்லாதவருக்கு வெல்ஸ் படிக்கட்டு கடலாகத் தெரிந்திருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பியானோவும் பழைய ஏடுகளும்

யுத்தத்துக்குச் சற்று முன்னதாக, பிளாட்டினத் தாள் கிடைத்தபோதே, எவான்ஸ் இன்னொரு காரியம் செய்தார். 1912-ல் வில்லியம் பிளேக்கின் மரச்செதுக்குப் படங்களையும், 1913-ல் ஹோல்பைனின் மரண நடனச் சித்திரங்களையும், பியர்ட்ஸ்லியின் கோமாளிச் சித்திரங்களையும் பெரிதாக்கிப் பிளாட்டினத்தில் பதித்து, சொந்தச் செலவில் சில பிரதிகள் மட்டும் நூலாகக் கட்டினார். பியர்ட்ஸ்லி இறந்து அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடையில் புத்தகத்துக்குப் பதில் வாங்கிய சித்திரக்காரனை அவர் மறக்கவில்லை.

காமிராவை வைத்த பிறகு சங்கீதம் துணைக்கு வந்தது. பியானோலா என்று ஒரு வாத்தியம். துளையிட்ட காகிதச் சுருள் ஓட ஓடத் தானே வாசிக்கும் பியானோ. பலர் அதை இயந்திரம் என்று இகழ்ந்தார்கள். வேகத்தையும் அழுத்தத்தையும் வாசிப்பவர் அடக்கி ஆளத் தெரிந்தால் அதிலும் உயிருள்ள சங்கீதம் வரும் என்று எவான்ஸ் அதில் ஆழ்ந்த தேர்ச்சி பெற்றார். போட்டோவையும் இயந்திரம் என்று இகழ்ந்தவர்களோடு அவர் ஆயுள் முழுவதும் வாதாடியவர்தானே!

1928-ல் ராயல் போட்டோகிராபிக் சங்கம் அவருக்குக் கௌரவ பெல்லோ பட்டம் வழங்கியது. அதற்குள் புதிய தலைமுறை வந்துவிட்டது. சிறிய காமிரா, பிலிம் சுருள், பளபளக்கும் வெள்ளிக் காகிதம். மேற்கு லண்டனில் ஆக்டன் பகுதியில் வாழ்ந்த கிழவர் யார் என்பது பலருக்குத் தெரியாது. 1943 ஜூன் 24-ம் தேதி எவான்ஸ் காலமானார். தொண்ணூறு வயது நிரம்ப இரண்டு நாட்களே இருந்தன. அப்போது இன்னொரு மகா யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

பிளாட்டினம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1964-ல் அமெரிக்கப் போட்டோ நிபுணர் இர்விங் பென் பழைய முறையைத் தாமே சோதிக்கத் தொடங்கினார். கடையில் தாள் கிடைக்காததால், அலுமினியத் தகட்டில் காகிதத்தை ஒட்டி, கையாலேயே உப்புகளைப் பூசினார். ஒரே படத்தைப் பலமுறை பூசிப் பலமுறை பதித்துக் கறுப்பை ஆழமாக்கினார். அவருக்குப் பின் வந்தவர்களும் பிளாட்டினத்தையும் பல்லேடியத்தையும் கலந்து, குளோரேட் துளிகளையும் டைகுரோமேட் சொட்டுகளையும் எண்ணிக்கொண்டு, அதே கான்ட்ராஸ்டோடு மல்லுக்கட்டி வருகிறார்கள்.

2010-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கெட்டி மியூசியம் எவான்ஸின் படங்களுக்கென்று ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. நூறாண்டு கடந்தும் சாம்பல் நிறங்கள் இருந்தபடியே இருந்தன. பிளாட்டினப் படங்களை அடையாளம் காண மியூசியங்களில் ஓர் எளிய வழி உண்டு. அந்தப் படத்தோடு முகத்துக்கு முகம் நெடுங்காலம் மூடிக் கிடந்த எதிர்த் தாளைப் புரட்டிப் பார்ப்பார்கள். பிளாட்டினம் தான் மாறாது, ஆனால் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காகிதத்தை மெல்ல மெல்லப் பழுப்பாக்கும். கறுப்பு அதிகமுள்ள இடத்தில் பழுப்பு அதிகம், குறைந்த இடத்தில் குறைவு. ஆகவே வெறுமையாக இருந்த அந்தத் தாளில், இடம் வலம் மாறி, அதே படத்தின் மங்கலான நிழல் ஒன்று தானாகவே பதிந்திருக்கும்.